எதிர்ப்பு சக்தி என்ன, டயருக்குக் காத்தடிக்கிற விஷயமா?

2020-க்கு அப்புறம் நம்ம ஊர் மளிகைக் கடைகளில் ஒரு வார்த்தை சக்கைப்போடு போடுது. "எதிர்ப்பு சக்தி". சத்து மாவில் எதிர்ப்பு சக்தி, டீத்தூளில் எதிர்ப்பு சக்தி, பிஸ்கட் பாக்கெட்டிலும் எதிர்ப்பு சக்தி. இந்த வேகத்தில் போனால் துணி துவைக்கிற சோப்பிலும் வந்துவிடும் என்று நினைக்கிறேன் :-)

இதைக் கேலி செய்வது மட்டும் என் நோக்கமில்லை. "எதிர்ப்பு சக்தியைக் கூட்டணும்" என்கிற நினைப்பே அரைகுறை என்பதுதான் என் கட்சி. ஏதோ டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி, ஏத்த ஏத்த நல்லது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். (டயருக்கே அளவுக்கு மேல் அடித்தால் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்.) இந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்று தெரிய வேண்டுமென்றால் கேட்க வேண்டிய ஆள் ஒருத்தர் இருக்கிறார். வலது பக்க விலாவுக்குள்ளே சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிற கல்லீரல்.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் கிடையாது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். குடும்பத்தில் சிலருக்குக் கல்லீரல் கோளாறு வந்ததிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கல்லீரல் சுமார் ஒன்றரை கிலோ எடை. குடலிலிருந்து வருகிற ரத்தம் முழுக்க இதன் வழியாகத்தான் போயாக வேண்டும். சாப்பிட்ட சர்க்கரையைச் சேர்த்து வைப்பது, பசிக்கும்போது அதை எடுத்து ரத்தத்தில் விடுவது, கொழுப்பைப் பிரித்து அனுப்புவது, அம்மோனியா என்கிற விஷத்தை யூரியாவாக மாற்றுவது, ரத்தம் உறைவதற்கான புரதங்களைத் தயார் செய்வது, பித்தம் சுரப்பது என்று கல்யாண வீட்டு சமையல்கட்டு மாதிரி ஓயாத வேலை. இருபத்துநாலு மணி நேரமும் அடுப்பு எரியும்.

இப்போ உடம்புக்குள்ளே ஒரு வைரஸ் நுழைகிறது என்று வையுங்கள். கல்லீரலுக்கே வர வேண்டுமென்பதில்லை, சாதாரண ஃப்ளூ காய்ச்சலாகவே இருக்கட்டும். நோய் எதிர்ப்பு அணுக்கள் "எதிரி வந்துட்டான்" என்று ரத்தத்தில் தந்தி அடிக்கும். இன்டர்லூகின் 6, இன்டர்ஃபெரான் என்று அந்தத் தந்திகளுக்குப் பெயர். தந்தி வந்ததும் சமையல்கட்டில் மெனுவே மாறிவிடும். வழக்கமாகச் செய்கிற ஆல்புமின் புரதத்தைக் குறைத்துக்கொண்டு, போருக்குத் தேவையான புரதங்களைக் கல்லீரல் கிண்ட ஆரம்பிக்கும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சி.ஆர்.பி. டெஸ்ட் எடுத்தோமே, ஞாபகம் இருக்கா? அந்த சி.ஆர்.பி. கல்லீரல் செய்கிற சரக்குதான். 1930-லேயே கண்டுபிடித்த சமாச்சாரம்.

அதோடு நிற்காது. ஹெப்சிடின் என்று ஒரு சின்ன ஹார்மோனையும் கல்லீரல் விடும். அது குடலிலிருந்து இரும்புச் சத்து ரத்தத்துக்கு வராமல் கதவைச் சாத்திவிடும். கிருமிக்கும் இரும்பு வேணும், அதனால் பத்தாயத்தைப் பூட்டி வைக்கிற தந்திரம். நாள்பட்ட காய்ச்சலில் ரத்தசோகை வருவதற்கு இது ஒரு காரணம். அந்த நேரத்தில் பாட்டில் பாட்டிலாக டானிக் ஊத்தினாலும் பூட்டின கதவு திறக்காது.

சர்க்கரை விஷயம் இன்னும் விசேஷம். காய்ச்சல் நேரத்தில் படையணுக்களுக்கு எரிபொருள் வேண்டும். அதனால் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் அவிழ்த்துவிடும், மற்ற பகுதிகள் இன்சுலின் பேச்சைச் சரியாகக் கேட்காது. சுகர் உள்ளவர்கள் கவனிக்கணும். "வாய்க்கு ஒண்ணும் பிடிக்கலை, சாப்பிடவே இல்லை, அதனால மாத்திரையும் போடலை" என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலில் சுகர் ஏறும். கையில் மெஷின் இருந்தால் பார்த்துவிட்டு டாக்டரிடம் ஒரு போன் போடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம்.

"லங்கணம் பரம ஔஷதம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? இதை வைத்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மெட்ஷிடோவ் என்பவரின் குழு எலிகளிடம் ஒரு சோதனை செய்து 2016-ல் வெளியிட்டார்கள். பாக்டீரியா தொற்று உள்ள எலிகளுக்குக் குளுக்கோஸ் ஏற்றினால் செத்தன, பட்டினி நல்லது செய்தது. ஆனால் ஃப்ளூ வைரஸ் தொற்றிய எலிகளுக்கு நேர் எதிர். குளுக்கோஸ் காப்பாற்றியது, சர்க்கரையைத் தடுத்தால் செத்தன. எலிக்கு நடந்தது அப்படியே மனுஷனுக்குப் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் "காய்ச்சல்னா பட்டினி போடு" என்று எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் போட முடியாது என்பது மட்டும் புரிகிறது.

இன்னொரு ஆராய்ச்சி என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. 2019-ல் வியன்னாவிலிருந்து வந்தது. எலிகளுக்கு ஒரு வைரஸைக் கொடுத்துப் பார்த்தால், இன்டர்ஃபெரான் தந்தி வந்ததும் கல்லீரல் தன்னுடைய யூரியா தயாரிப்பு வேலையையே மாற்றிக்கொள்கிறது. அதனால் ரத்தத்தில் ஆர்ஜினின் என்கிற அமினோ அமிலம் குறைகிறது. டி அணுக்கள் என்கிற படைவீரர்களுக்கு அது முக்கியமான தீனி. தீனி குறைந்தால் வீரர்களின் ஆட்டமும் குறையும். அதனால் கல்லீரலுக்கு ஆகும் சேதமும் குறைகிறது.

கவனிச்சீங்களா? போரில் தன் பக்கத்துப் படைக்கே ரேஷனைக் குறைக்கிற உறுப்பு இது! ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? ஏனென்றால் கல்லீரலுக்குத் தெரியும், வைரஸை விட ஆபத்தானது சில சமயம் நம்ம சொந்தப் படைதான் என்று.

இதை நன்றாக விளக்குகிற உதாரணம் ஹெபடைடிஸ் பி. இந்த வைரஸ் கல்லீரல் அணுவுக்குள் நுழைகிற வாசல் எது என்று 2012-ல் பெய்ஜிங்கில் வென்ஹூய் லி என்பவரின் குழு கண்டுபிடித்தது. பித்த அமிலங்களை ரத்தத்திலிருந்து உள்ளே இழுக்கிற கதவு அது. சமையல்கட்டுக்குச் சாமான் வருகிற பின்வாசல் வழியாகவே திருடன் நுழைகிறான். நுழைந்தவன் அடித்து நொறுக்குகிறானா என்றால் இல்லை. இந்த வைரஸ் தானாகக் கல்லீரல் அணுவைக் கொல்வது அபூர்வம். ஒரு ஓரமாக உட்கார்ந்து நகல் எடுத்துக்கொண்டே இருக்கும்.

பிறகு ஏன் காமாலை வருகிறது? நம்ம டி அணுக்கள் வந்து, வைரஸ் ஒளிந்திருக்கும் அணுக்களை ஒவ்வொன்றாகக் கொல்கின்றன. திருடனைப் பிடிக்க வீட்டைக் கொளுத்துகிற கதை. (கொளுத்தாமலும் பிடிக்க முடியும். அணுக்களைக் கொல்லாமல், தந்திகளின் வேலையாலேயே பெரும்பகுதி வைரஸ் அழிவதை 1999-ல் சிசாரியின் குழு சிம்பன்ஸி குரங்குகளில் காட்டியது.) அணுக்கள் சாகும்போது உள்ளே இருந்த நொதிகள் ரத்தத்தில் கொட்டும். எல்.எஃப்.டி. ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று ஆயிரக்கணக்கில் எகிறுவது அதுதான்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது? சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்ந்து சாகும். அதிலிருந்து பிலிருபின் என்கிற மஞ்சள் கழிவு தினமும் வரும். கல்லீரல் அதை நீரில் கரைகிற மாதிரி மாற்றிப் பித்தத்தில் தள்ளும். கல்லீரல் வீங்கிக் கிடக்கும்போது வெளியே தள்ளுகிற வேலை முதலில் படுத்துவிடும். கழிவு ரத்தத்துக்குத் திரும்பிக் கண்ணில் மஞ்சளாகவும், சிறுநீரில் கட்டன் டீ நிறமாகவும் தெரியும். ஆக, காமாலை என்பது ஒரு நோய் இல்லை. சமையல்கட்டில் குப்பை அள்ளுகிற ஆள் வரவில்லை என்கிற அறிவிப்பு.

இப்போ முக்கியமான கணக்கு. பெரியவர் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றினால், 100 பேரில் 95 பேருக்கு மேல் வைரஸை விரட்டிவிடுவார்கள். சிலருக்குக் காமாலை வந்து, பாடாய்ப் பட்டு, சரியாகிவிடும். ஆனால் பிறக்கும்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால்? 100-ல் 90 குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். அந்தக் குழந்தைக்குக் காமாலையே வராது. அதன் உடம்பு சண்டையே போடுவதில்லை. வருடக்கணக்கில் சமாதானமாக இருந்துவிட்டு, முப்பது நாற்பது வயதில் படை முழித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க ஆரம்பிக்கும். அடித்த இடமெல்லாம் தழும்பாகி, கல்லீரல் சுருங்கி, சிலருக்குப் புற்றுநோய் வரை போகும்.

எங்கள் குடும்பத்தில் நடந்தது இதுதான். சின்ன மாமா ஒரு ரத்ததான முகாமுக்குப் போனார். அங்கே எடுத்த டெஸ்டில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. வயசு 42. "எனக்குக் காமாலையே வந்ததில்லையேடா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். பெரிய மாமா மாட்டேன் என்றுவிட்டார். "எனக்கு ஜுரம்னு ஒருநாள் படுத்ததில்லை. எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி. எனக்கெதுக்கு டெஸ்டு?" என்றார். பீடி, சாராயம் தொடாத மனுஷன். மூன்று வருஷம் கழித்து வயிற்றில் தண்ணீர் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது கல்லீரலில் கட்டி பெரிதாகிவிட்டிருந்தது. 58 வயதில் போய்ச் சேர்ந்தார். சின்ன மாமா தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் வயலுக்குப் போய் வருகிறார்.

இதில் எனக்கு ஆத்திரம் வந்த இன்னொரு விஷயம், தெரிந்த புதிதில் சொந்தக்காரர்கள் சின்ன மாமாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்ததுதான். ஹெபடைடிஸ் பி சேர்ந்து சாப்பிட்டால், கட்டிப்பிடித்தால், ஒரே டம்ளரில் குடித்தால் பரவாது. ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து சேய், சுத்தம் செய்யாத ஊசி, சவர பிளேடு. இவைதான் வழி. தனித் தட்டு வைத்தவர்களில் ஒருத்தராவது போய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டார்களா என்றால் இல்லை!

"அதெல்லாம் சரி, கீழாநெல்லி இருக்கே?" என்பீர்கள். வருகிறேன்.

கீழாநெல்லியை யாரும் ஆராயவே இல்லை, வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான் என்று பேசுகிறவர்களுக்கு: சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவும், இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பர்க்கும் சேர்ந்து அதை ஆராய்ந்து 1988-ல் உலகப் புகழ்பெற்ற லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்த மாதிரிப் பலன் வரவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2011-ம் வருட காக்ரேன் அலசலும், நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. ஒரு மூலிகைக்கு இதைவிட மரியாதையான வாய்ப்பு கிடைத்திருக்க முடியாது.

அப்புறம் ஏன் ஊரில் எல்லாரும் "கீழாநெல்லி குடிச்சேன், சரியாச்சு" என்கிறார்கள்? பொய் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது தண்ணீர் மூலம் பரவுகிற ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ ஆக இருந்திருக்கும். அவை சில வாரங்களில் தானாகவே சரியாகக்கூடியவை. மருந்து குடித்தவரும் எழுந்திருப்பார், குடிக்காதவரும் எழுந்திருப்பார். பெயர் மட்டும் மருந்துக்கு. கர்ப்பிணிகள் விஷயம் வேறு. ஹெபடைடிஸ் ஈ கடைசி மாதங்களில் வந்தால் நாலில் ஒருவர், ஐந்தில் ஒருவர் வரை உயிரிழக்கும் ஆபத்து உண்டு. அங்கே கைவைத்தியத்துக்கு நேரமே கிடையாது.

பத்தியம் என்ற பெயரில் உப்பில்லாத கஞ்சியை மட்டும் வாரக்கணக்கில் கொடுப்பதையும் நிறுத்தலாம். சர்க்கரைச் சேமிப்பே திண்டாடிக்கொண்டிருக்கிற கல்லீரலுக்குப் பட்டினி போடுவது என்ன நியாயம்? வாய்க்குப் பிடித்ததை, கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை சாப்பிட வேண்டும் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். சாராயம் மட்டும் கூடவே கூடாது.

இனி முதலில் சொன்ன எதிர்ப்பு சக்தி வியாபாரத்துக்குத் திரும்புவோம். கொரோனா சமயத்தில் சீந்தில் கொடியை எதிர்ப்பு சக்திக்காக வீட்டுக்கு வீடு காய்ச்சிக் குடித்தார்கள். 2021-ல் மும்பையில் சில நோயாளிகளுக்குக் கல்லீரல் வீங்குவதை டாக்டர்கள் கவனித்தார்கள். 2022-ல் இந்தியாவில் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. பலருக்கு வந்தது, உடம்பின் படையே சொந்தக் கல்லீரலைத் தாக்குகிற வகை. சீந்திலுக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவதை ஆயுஷ் அமைச்சகம் ஏற்கவில்லை, வேறு செடியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்றது. அந்த வழக்கு எப்படியோ போகட்டும். என் கேள்வி சின்னது. எதிர்ப்பு சக்தியை நிஜமாகவே கூட்டுகிற பொருள் என்றால், அது கூடாத இடத்தில் கூட்டாது என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

நமக்கு வேண்டியது பெரிய படை இல்லை, எதிரியின் முகம் தெரிந்த படை. முகத்தைக் காட்டிக் கொடுக்கிற பொருளுக்குத்தான் தடுப்பூசி என்று பெயர். வைரஸ் கல்லீரலுக்குள் போய்ச் சேர்வதற்கு முன்பே பிடித்துவிடுவதால் வீட்டைக் கொளுத்த வேண்டிய அவசியமே வராது. "எதிர்ப்பு சக்தி" என்று எழுதிக்கொள்ளத் தகுதியுள்ள ஒரே பொருள் அதுதான், ஆனால் அதற்கு விளம்பரம் கிடையாது :-(

கடைசியா, நாம் செய்யக்கூடியவை:

1. வாழ்க்கையில் ஒரு தடவையாவது எச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்ட் எடுத்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் கிட்டத்தட்ட 3 கோடிப் பேருக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருந்தது. பெரும்பாலோருக்கு அது தெரியாது.

2. இல்லை என்று வந்தால் தடுப்பூசி போடுங்கள். இருக்கிறது என்று வந்தால் பயப்படாதீர்கள். தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டம் 2018-ல் தொடங்கியது, அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

3. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ். "நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று நர்ஸ் சொன்னாலும், பாட்டி சொன்னாலும், விடாமல் கேட்டு வாங்குங்கள்.

4. கீமோதெரபி, நீண்டநாள் ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்பு சக்தியை அடக்கும் சிகிச்சைக்கு முன்பு இந்த டெஸ்ட் கட்டாயம். படை தூங்கும்போது வைரஸ் பெருகும். படை முழித்ததும் கல்லீரல் எரியும்.

5. காய்ச்சலில் பாராசிட்டமால் அளவோடு. சளி மாத்திரையிலும் அதே மருந்து ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். குழந்தைகளுக்கு ஃப்ளூ, அம்மை நேரத்தில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ரேய் நோய் என்று கல்லீரலையும் மூளையையும் சேர்த்துத் தாக்கும்.

6. காமாலை உள்ளவர் உளற ஆரம்பித்தாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, பல் ஈறில் ரத்தம் கசிந்தாலோ, அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரி. எஸ்.ஜி.பி.டி. குறைந்துவிட்டது என்று மட்டும் நிம்மதி அடையாதீர்கள். சாவதற்கு அணுக்களே மிச்சம் இல்லாவிட்டாலும் அது குறையும்.

இந்த ஆறில் எதுவுமே மளிகைக் கடையில் கிடைக்காது. முதலில் உள்ளதற்குக் கொஞ்சம் ரத்தமும் அரை மணி நேரமும் போதும். இந்த வாரம் வேறு ஏதாவது டெஸ்டுக்கு லேப் பக்கம் போனீர்கள் என்றால், அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வீட்டில் உங்களோடு பிறந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். "எனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்று சொல்கிறவரை முதலில்.